போட்ட தீவனம் எங்க போச்சு? மீன் வளர்ப்புல எஃப்சிஆரும் வளர்ச்சிக் கணக்கும்

மீன் வளர்க்கறவங்க ரெண்டு பேர் சந்திச்சா கொஞ்ச நேரத்துல பேச்சு எஃப்சிஆர்ல வந்து நிக்கும். ஒருத்தர் எனக்கு 1.2ன்னு சொல்வார், இன்னொருத்தர் எனக்கு 1.8 வந்துருச்சுன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவார். இதுல யார் நல்லா வளர்த்தாங்கன்னு என்னைக் கேட்டா, இந்த ரெண்டு நம்பரை மட்டும் வச்சு சொல்ல முடியாதுன்னுதான் சொல்வேன். ஏன்னா அந்த நம்பர் ஒரு வகுத்தல் கணக்கு, மேல ஒரு எடை கீழ ஒரு எடை, மேல என்ன எழுதினாங்க கீழ என்ன எழுதினாங்கன்னு தெரியாம விடையை மட்டும் பாத்து என்ன பிரயோஜனம்.

முதல்ல அடிப்படை. எஃப்சிஆர்னா தீவன மாற்று விகிதம், ஒரு கிலோ மீன் எடை ஏற எத்தனை கிலோ தீவனம் ஆச்சுங்கறது. போட்ட தீவனத்தை ஏறின எடையால வகுக்கணும். மொத்த எடையால இல்ல, ஏறின எடையால. இதை நிறைய பேர் மறந்துடறாங்க. ஒரு உதாரணம் வச்சுக்கலாம், கட்டுரை முழுக்க இதையேதான் திருப்பித் திருப்பி இழுப்பேன். 20 கிராம் குஞ்சு 1000 விடறோம், அப்போ ஆரம்ப எடை 20 கிலோ. 150 நாள் கழிச்சு பிடிக்கறப்போ 900 மீன், சராசரி 300 கிராம், ஆக 270 கிலோ. இடையில போட்ட தீவனம் 400 கிலோ. ஏறினது 250 கிலோ, எஃப்சிஆர் 1.6. குறைச்சலா இருந்தா நல்லது. இதையே தலைகீழா போட்டு 100-ஆல பெருக்கினா 62.5 சதவீதம் வரும், அதுக்குப் பேரு தீவனத் திறன், அதுல மட்டும் கூடுதலா இருந்தா நல்லது. ரெண்டும் ஒரே விஷயம்தான், படிக்கறப்போ எது எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துக்கங்க.

கோழிக்கு இந்த விகிதம் 2-க்குள்ள, பன்னிக்கு 3 பக்கம், மாட்டுக்கு 6-க்கு மேல போகும், மீனுக்கு மட்டும் ஏன் 1.2, 1.5ன்னு வருதுன்னு கேக்கலாம். மீன் உடம்பை சூடா வச்சுக்க சக்தி செலவு பண்றதில்ல, சுத்தி இருக்கற தண்ணியோட சூடுதான் அதோட சூடும். தண்ணியே தாங்கிப் பிடிக்கறதால நிக்கறதுக்கும் பெருசா செலவு இல்ல. அப்புறம் புரதத்தை உடைச்சா வர்ற நைட்ரஜன் கழிவை நாம யூரியாவா மாத்தி வெளியேத்தறோம், அதுக்குத் தனியா சக்தி வேணும். மீன் பெரும்பாலும் அம்மோனியாவாவே செவுள் வழியா விட்டுட்டுப் போயிட்டே இருக்கும்.

சில சமயம் எஃப்சிஆர் 1-க்குக் கீழயும் வரும், 0.9 மாதிரி. புதுசா வர்றவங்க இதைப் பாத்து குழம்பிடறாங்க, 900 கிராம் தீவனத்துல எப்படி ஒரு கிலோ மீன் வரும், மீதி 100 கிராம் எங்கிருந்து வந்துச்சுன்னு. தண்ணிதான். காய்ஞ்ச தீவனத்துல ஈரம் சுமார் 10 சதவீதம், மீன் உடம்புல 70, 75 சதவீதம் தண்ணி. ரெண்டையும் காயவச்சு எடை போட்டா 900 கிராம் தீவனத்துல 810 கிராம் சரக்கு, ஒரு கிலோ மீன்ல 250, 300 கிராம்தான் சரக்கு. ஆக காய்ஞ்ச கணக்குல பாத்தா விகிதம் கிட்டத்தட்ட 3 ஆயிடும், மாயம் ஒண்ணும் இல்ல. இதே காரணத்தாலதான் பச்சை மீன் கழிவை வெட்டிப் போட்டு வளக்கறவங்களுக்கு எஃப்சிஆர் 5, 6ன்னு போகும், அந்தத் தீவனமே முக்கால்வாசி தண்ணி. அதையும் காய்ஞ்ச பெல்லட்டையும் (உருண்டைத் தீவனம்) ஒரே தராசுல வச்சு ஒப்பிடறது சரியில்ல.

சரி, இப்போ மேல இருக்கற நம்பருக்கு வரலாம். நாம எழுதறது போட்ட தீவனம், மீன் தின்ன தீவனம் இல்ல. மூட்டை அடியில இருக்கற தூள் மீனுக்குப் போய்ச் சேராது, மூழ்கற தீவனத்துல தின்னாதது கண்ணுக்கே தெரியாம அடிச் சேத்துல போய் உக்காந்துக்கும். மிதக்கற தீவனத்துல ஒரு வசதி, 15, 20 நிமிஷம் கழிச்சு மேல மிச்சம் கிடந்தா கையும் களவுமா மாட்டிக்கும். ஆராய்ச்சிக் கூடத்துல தொட்டி அடியில மிஞ்சினதை உறிஞ்சி எடுத்து, காயவச்சு, எடை போட்டுக் கழிப்பாங்க. அதுலயும் தண்ணியில கரைஞ்சு போனது எவ்வளவுன்னு தனியா, மீனே இல்லாத தொட்டியில அதே தீவனத்தை அதே நேரம் ஊறவச்சுப் பாத்துத் திருத்திக்குவாங்க. குளத்துல இதெல்லாம் நடக்கற காரியமா?

குளத்துல இன்னொரு பக்கமும் இருக்கு. மண் குளம்னா மீன் நாம போடறதை மட்டும் தின்னாது. பாசி, நுண்ணுயிர் மிதவைகள், புழுன்னு இலவசச் சாப்பாடு இருக்கும், அதுல ஏறின எடையும் நம்ம தீவனக் கணக்குல வரவாயிடும். அதனால பச்சைத் தண்ணிக் குளத்துல திலேப்பியா மீனுக்கு 1.2 வர்றதும், சுத்தமான தண்ணி ஓடற தொட்டியில 1.5 வர்றதும் தீவனத்தோட தரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. முதல் ஆளுக்குக் குளம் பாதி வேலையைச் செஞ்சுடுது. அதே தீவனத்தை நம்பி தொட்டிக்குப் போனா கையைச் சுட்டுக்குவார்.

கீழ இருக்கற நம்பர், அதாவது ஏறின எடை, இதைவிட மோசம். அறுவடையப்போ எல்லாத்தையும் பிடிச்சு தராசுல வச்சுடலாம், பிரச்சனை இல்ல. நடுவுல தெரிஞ்சுக்கணும்னா சாம்ப்ளிங்தான், கொஞ்சம் மீனைப் பிடிச்சு சராசரி எடை எடுத்து, உயிரோட எத்தனை இருக்கும்னு ஒரு யூகம் போட்டு ரெண்டையும் பெருக்கறது. இந்த ரெண்டுமே தப்பாகலாம்.

நான் முதல் முதலா சாம்ப்ளிங் பண்ணப்போ செஞ்ச கூத்தைச் சொல்றேன். வலை வீசறதுக்கு எளிதா இருக்கட்டும்னு தீவனம் போடற இடத்துலயே ரெண்டு கை தீவனத்தை இறைச்சு, மீன் கூட்டமா வந்ததும் அது மேல வீச்சு வலையைப் போட்டேன். முப்பது மீன் சுளையா வந்துச்சு, எல்லாம் கொழுகொழுன்னு. சந்தோஷம் தாங்கல. அடுத்த சாம்ப்ளிங் நாலு மூலையிலயும் போட்டுப் பாத்தா சராசரி போன தடவையை விடக் குறைஞ்சிருக்கு. மீன் இளைக்கல, நான் தான் போன தடவை தடியன்களா பாத்துப் பிடிச்சிருக்கேன். தீவனத்துக்கு முண்டியடிச்சு முதல்ல வர்றது பெரிய மீன், சின்னது ஓரமா ஒதுங்கி நிக்கும். போதாக்குறைக்கு அப்பதான் தின்ன தீவனத்தோடயே எடை போட்டிருக்கேன், வயித்துல இருக்கறதையும் மீன் எடையா எழுதி வச்சாச்சு. அதுல இருந்து எடை போடறதுக்கு முந்தின நாள் தீவனத்தை நிறுத்திடறது, பல இடத்துல வலை போடறது, பக்கெட் தண்ணியை முதல்ல எடை போட்டு அப்புறம் வலையில நல்லா தண்ணி வடிஞ்ச மீனை உள்ள விட்டு வித்தியாசத்தை எடுக்கறது. ஒரு விஷயம் மறக்காதீங்க, சாம்ப்ளிங் பண்ண மீன் மிரண்டு போயிருக்கும், அன்னிக்கும் மறுநாளும் வழக்கமா தின்றது தின்னாது, அதே அளவு போட்டா வீண்தான்.

எண்ணிக்கை தப்பாகறது இன்னும் நைசா நடக்கும். நம்ம உதாரணத்துல 100 மீன் ஆரம்பத்துலயே செத்து அடியில போயிருச்சுன்னு வைங்க, பறவை தூக்கிருக்கலாம், நமக்குத் தெரியல. நடுவுல சாம்ப்ளிங் பண்றோம், சராசரி 150 கிராம், அதுவரைக்கும் போட்ட தீவனம் 180 கிலோ. நம்ம நினைப்புல 1000 மீன், 150 கிலோ, ஏறினது 130, எஃப்சிஆர் 1.38. ஆஹான்னு இருக்கும். உண்மையில 900 மீன், 135 கிலோ, ஏறினது 115, எஃப்சிஆர் 1.57. சரி கணக்குதானே தப்புன்னு விட்டுட முடியாது, ஏன்னா அடுத்த நாள் தீவனத்தை இந்த எடையை வச்சுத்தான் போடுவோம். உடல் எடையில 3 சதவீதம்னா 4.5 கிலோ போடறோம், இருக்கற மீனுக்கு வேண்டியது 4.05 கிலோ. தினம் 450 கிராம் கூடுதலா போயிட்டே இருக்கும், தண்ணியும் கெடும். கடைசியில அறுவடையப்போ 1.6ன்னு வந்து நிக்கும், நடுவுல 1.38 இருந்துச்சே எப்படி கெட்டுச்சுன்னு மண்டையைப் பிச்சுக்குவோம். கெடவே இல்ல, முதல்ல இருந்தே அவ்வளவுதான்.

செத்த மீனை வச்சு எஃப்சிஆரே ரெண்டு வகை ஆயிடுது. செத்ததைக் கணக்குல விட்டுட்டு, கைக்கு வந்த எடையை மட்டும் வச்சுப் போடறது பொருளாதார எஃப்சிஆர். செத்த மீனும் சாகறதுக்கு முன்னாடி தின்னு வளந்துச்சே, அந்த எடையையும் சேத்துப் போடறது உயிரியல் எஃப்சிஆர். நம்ம 100 மீன் 50 கிராம்ல செத்திருந்தா 5 கிலோ, சேத்தா 255 கிலோ, உயிரியல் எஃப்சிஆர் 1.57, பெரிய வித்தியாசம் இல்ல. அதே 100 மீன் கடைசி மாசத்துல 250 கிராம்ல செத்திருந்தா 25 கிலோ, சேத்தா 275, அப்போ 1.45. மீனும் தீவனமும் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு, நோயோ ஆக்சிஜன் குறைவோ அடிச்சிருக்குன்னு அந்த இடைவெளி சொல்லிடும். அதனால செத்த மீனை எடுக்கறப்போ எண்ணிக்கையோட எடையையும் நோட்டுல எழுதறது நல்ல பழக்கம். யாராவது எஃப்சிஆர் சொன்னா நான் முதல்ல கேக்கறது இது ரெண்டுல எதுன்னுதான். விக்கறவங்க சொல்றது பெரும்பாலும் எதுன்னு நீங்களே யூகிச்சுக்கங்க.

எவ்வளவு போட்டா நல்ல எஃப்சிஆர் வரும்னா, அதுக்கு ஒரு வளைவு இருக்கு. ஒண்ணுமே போடலைன்னா மீன் இளைக்கும். கொஞ்சம் போட்டா உயிரைப் பிடிச்சு வச்சுக்கவே சரியாப் போகும், எடை ஏறாது, எஃப்சிஆர் கணக்கே வராது, பூஜ்யத்தால வகுத்த மாதிரி. அதுக்கு மேல போடப் போட வளர்ச்சி ஏறும், எஃப்சிஆர் இறங்கும். வயிறு முட்டத் தின்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு அளவுல எஃப்சிஆர் ரொம்ப நல்லா இருக்கும். அதைத் தாண்டியும் வளர்ச்சி கொஞ்சம் கூடும், ஆனா ஒவ்வொரு கூடுதல் கிராமுக்கும் தீவனம் அதிகமா செலவாகும், அப்புறம் வெறும் வீண்தான். ஆக வேகமான வளர்ச்சியும் சிறந்த எஃப்சிஆரும் ஒரே அளவுல கிடைக்காது. எஃப்சிஆரைக் குறைக்கறேன்னு தீவனத்தை ரொம்ப இறுக்கிப் பிடிச்சா நாள் இழுக்கும், சின்ன மீன் இன்னும் சின்னதா நின்னுடும்.

இப்போ வளர்ச்சியை அளக்கற கதை. எனக்கு இதுல ஆர்வம் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுத்துக்கங்க.

எளிசானது ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஏறுச்சுங்கறது. நம்ம மீன் 150 நாள்ல 280 கிராம், சுமார் 1.87 கிராம். ஆனா 20 கிராம் குஞ்சுக்கு 1.87 கிராம்ங்கறது ராட்சத வளர்ச்சி, 300 கிராம் மீனுக்கு அது சும்மா. அதனால சதவீதமா பாக்கலாம்னு குறிப்பிட்ட வளர்ச்சி வீதம்னு ஒண்ணு வந்துச்சு, எஸ்ஜிஆர்னு சொல்வாங்க. கடைசி எடையோட இயல் மடக்கையில இருந்து ஆரம்ப எடையோட இயல் மடக்கையைக் கழிச்சு, நாளால வகுத்து, 100-ஆல பெருக்கணும். கால்குலேட்டர்ல லாக் பட்டன் ரெண்டு இருக்கும், 10 அடிமானத்துது வேண்டாம், lnனு போட்டிருக்கற இன்னொண்ணு. சாதாரண சதவீதம் போடாம ஏன் லாக்குன்னா, வட்டிக்கு வட்டி மாதிரி இன்னிக்கு ஏறின எடையும் சேந்து நாளைக்கு வளருது, அதான்.

நம்ம மீனோட 150 நாளை மூணா பிரிக்கலாம். முதல் 50 நாள்ல 20-ல இருந்து 80 கிராம், அடுத்த 50 நாள்ல 80-ல இருந்து 190, கடைசி 50 நாள்ல 190-ல இருந்து 300. ஒரு நாள் கிராம் கணக்குல 1.2, 2.2, 2.2. நடுவுலயும் கடைசியிலயும் ஒரே வேகம், எல்லாம் சுபம்னு தோணும். எஸ்ஜிஆர் போட்டா 2.77, 1.73, 0.91 சதவீதம், ஐயையோ சரிஞ்சு போச்சேன்னு தோணும். ஒண்ணு பிரச்சனையே இல்லைங்குது, இன்னொண்ணு குடி முழுகிப் போச்சுங்குது. எஸ்ஜிஆர் மீன் பெருசாகப் பெருசாகத் தானாவே இறங்கும், அது இயற்கை. அதனாலதான் குஞ்சுல எடுத்த எஸ்ஜிஆரை பெரிய மீனோட எஸ்ஜிஆரோட வச்சு ஒப்பிடக் கூடாதுன்னு சொல்றது, அப்படி ஒப்பிட்டு என் தீவனம்தான் உசத்தின்னு நோட்டீஸ் போடறவங்களும் இருக்காங்க.

இந்தச் சிக்கலுக்குத்தான் டிஜிசின்னு ஒண்ணு, வெப்ப வளர்ச்சிக் கெழு. எடையோட கனமூலத்தை எடுத்தா அது ஏறக்குறைய நேர்கோடா ஏறும், ஏன்னா எடை நீளத்தோட மூணாவது அடுக்கு மாதிரி போகுது. கூடவே தண்ணி சூட்டையும் சேத்துக்கறாங்க, ஏன்னா மீனோட கடிகாரம் நாள்ல ஓடறதில்ல, சூட்டுல ஓடுது. கடைசி எடையோட கனமூலத்துல இருந்து ஆரம்ப எடையோட கனமூலத்தைக் கழிச்சு, நாளையும் சராசரி வெப்பநிலையையும் பெருக்கின எண்ணால வகுத்து, படிக்க வசதியா 1000-ஆல பெருக்கிக்கறது. தண்ணி முழுக்க 28 டிகிரின்னு வச்சுப் போட்டா நம்ம மூணு கட்டத்துக்கும் 1.14, 1.03, 0.68. இப்போ பாருங்க, முதல் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, மூணாவதுலதான் நிஜமான சறுக்கல். நடுக்கட்ட வேகத்துலயே போயிருந்தா மீன் 300 இல்ல, சுமார் 370 கிராம் வந்திருக்கணும். தினம் 2.2 கிராம் ஏறுதேன்னு நிம்மதியா உக்காந்திருந்தவருக்கு ஒரு மீனுக்கு 70 கிராம் காணாமப் போயிருக்கு.

ஏன் போச்சுங்கறதுக்கும் இதுலயே ஒரு துப்பு கிடைக்கும். கடைசி 50 நாள் தண்ணி 28 இல்ல, சராசரி 23 டிகிரின்னு தெரிய வந்தா டிஜிசி 0.82 ஆகும். அப்போ சறுக்கல்ல கொஞ்சம் குளிரால, மீதிக்கு வேற காரணம் தேடணும். பெரும்பாலும் கடைசி கட்டத்துல மீன் நெருக்கடி, விடியக்காலை ஆக்சிஜன் குறையறது, தீவனம் பத்தாததுன்னு ஏதாவது இருக்கும். தின்னதைச் செரிக்கவே மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலா வேணும், ஆக்சிஜன் கம்மியான தண்ணியில பசியே எடுக்காது. ஒரு எச்சரிக்கை, அந்த மீனுக்கு உகந்த சூட்டைத் தாண்டி தண்ணி கொதிச்சுட்டு இருந்தா டிஜிசி பொய் சொல்லும், அங்க சூடு கூடினா வளர்ச்சி குறையும், ஃபார்முலாவுக்கு அது தெரியாது.

எஃப்சிஆர் மறைக்கற இன்னொரு விஷயம் புரதம். நம்ம 400 கிலோ தீவனத்துல 30 சதவீதம் புரதம்னா உள்ள போனது 120 கிலோ. மீன் உடம்புல சுமார் 16 சதவீதம் புரதம், ஏறின 250 கிலோவுல 40 கிலோ. ஆக மூணுல ஒரு பங்குதான் மீனா ஆச்சு, 33 சதவீதம். மீதி 80 கிலோ எரிஞ்சும் செரிக்காமயும் வீணாகியும் போச்சு, புரதத்துல 16 சதவீதம் நைட்ரஜன்கறதால 12.8 கிலோ நைட்ரஜன் தண்ணிக்குப் போயிருக்கு. இப்போ வேற ஒருத்தர் 45 சதவீதம் புரதத் தீவனம் போட்டு அதே 250 கிலோவை 300 கிலோ தீவனத்துல எடுத்துட்டார், எஃப்சிஆர் 1.2, காலரைத் தூக்கி விட்டுக்கறார். அவர் போட்ட புரதம் 135 கிலோ, மீன்ல நின்னது அதே 40, அதாவது 30 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழ. தண்ணிக்குப் போன நைட்ரஜன் 15.2 கிலோ. எஃப்சிஆர்ல அவர் ஜெயிச்சார், புரதக் கணக்குல 1.6 ஆளு ஜெயிச்சார். 2018-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் பெருசா கேட்டாங்க, எஃப்சிஆர்ல கோழியை விட மேலன்னு பேர் வாங்கின சால்மன் மீன், தின்ன புரதத்துல எவ்வளவு நாம சாப்பிடற புரதமா திரும்பி வருதுன்னு பாத்தா கோழிக்குப் பின்னாடிதான் நின்னுச்சு.

சராசரி மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம்னு ஒரு வரி. 300 கிராம் சராசரின்னா எல்லாம் 280, 320ன்னு இருக்கலாம், பாதி 150 பாதி 450ன்னும் இருக்கலாம். சாம்ப்ளிங்ல மொத்தமா எடை போடறதோட ஒரு முப்பது நாப்பது மீனையாவது தனித்தனியா போட்டா இது தெரிஞ்சுடும். நீளமும் அளந்தா எடையை நீளத்தோட மூணாவது அடுக்கால வகுத்து 100-ஆல பெருக்கி உடல்வாகு எண் போட்டுக்கலாம், 20 சென்டிமீட்டர்ல 120 கிராம்னா 1.5. அதே இன மீன்ல இது போன மாசத்தை விடக் குறைஞ்சா தலை பெருத்து உடம்பு ஒட்டிப் போகுதுன்னு அர்த்தம்.

தீவனத்தை ஒப்பிட்டுப் பாக்க சொந்தமா சோதனை பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒரு தொட்டிக்கு ஒரு தீவனம்னு வச்சா அது சோதனையே இல்ல, தொட்டிக்குத் தொட்டியே வித்தியாசம் வரும், ஒவ்வொரு தீவனத்துக்கும் மூணு தொட்டியாவது வேணும். ஒரு தொட்டியில 200 மீன் இருந்தாலும் கணக்குக்கு அது ஒண்ணுதான். ரெண்டாவது, மீன் எடை ரெண்டு மடங்காவது ஆகற வரைக்கும் ஓட்டணும். பட்டினி கிடந்த மீனுக்கு நல்ல தீவனம் கிடைச்சதும் விட்டதைப் பிடிக்க முதல் சில வாரம் எகிறும், அதை மட்டும் பாத்துட்டுத் தீவனம் சூப்பர்னு முடிவு கட்டிடக் கூடாது.

இதுவரைக்கும் சொன்ன எல்லாமே கூட்டத்தோட கணக்கு. ஒரே ஒரு மீன் எவ்வளவு தின்னுச்சுன்னு கேட்டா திணறிடுவோம். மாட்டுக்குத் தனித் தொட்டியில வைக்கோல் வைக்கலாம், தண்ணிக்குள்ள 200 மீன் ஒண்ணா பாயறப்போ எது எத்தனை உருண்டை முழுங்குச்சுன்னு யாரு பாக்கறது. இதுக்கு ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்ச வழி அழகா இருக்கும். தீவனத்துக்குள்ள கடுகை விடச் சின்ன ஈயக் கண்ணாடி மணிகளைக் கலந்து போட்டுட்டு, தின்னு முடிச்சதும் மீனை மயக்கி எக்ஸ்ரே எடுத்து வயித்துல எத்தனை வெள்ளைப் புள்ளின்னு எண்ணறாங்க. அன்னிக்கு ஒரு வேளைக்கு அது தின்னது தெரியும், நாளைக்கு அதே மீன் கம்மியா தின்னலாம், அதனால திரும்பத் திரும்ப எடுக்கணும். வளர்ச்சிக்கு இனத் தேர்வு பண்றது இதோட ஒப்பிட்டா எளிது, மீனை எடை போட்டாப் போதும். 1988-ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்ச கிஃப்ட் திலேப்பியா திட்டத்துல அஞ்சு தலைமுறையில ஆரம்பக் கூட்டத்தை விட 85 சதவீதம் வரைக்கும் வளர்ச்சியைக் கூட்டிட்டாங்க. தீவனத் திறனுக்கு அப்படி நேரடியா தேர்வு பண்றதுக்கு இன்னும் ஒவ்வொரு மீனா தனிக் கண்ணாடித் தொட்டியில போட்டு, உருண்டையை எண்ணிப் போட்டு, மிச்சத்தை எண்ணி எடுத்துட்டுத்தான் இருக்காங்க.